மருந்து ஊற்றாத வண்டி

தெருவில் அவனை எல்லாரும் வீட்டோடு மாப்பிள்ளை என்றுதான் சொல்வார்கள். மூன்று அக்காள்களுக்குப் பின்னால் பிறந்தவன். குடித்தனம் மாமனார் வீட்டு மாடியில்; ஓட்டுகிற காரும் மாமனார் கொடுத்தது. கீழே அவருடைய உதிரிபாகக் கடை. அங்கே புட்டியில் இஞ்சின் மருந்து விற்றார். எண்ணெயோடு ஒரு புட்டி சேர்த்தால் கிழட்டு இஞ்சினும் குமரியாகிவிடும் என்பார்.

மாப்பிள்ளைக்கு அதில் நம்பிக்கை இல்லை. வேளை தவறாமல் அடுத்த தெரு மெக்கானிக்கிடம் போய் நல்ல சிந்தெடிக் ஆயிலாக மாற்றிக்கொள்வான். மாமனார் கொடுத்த மருந்தை அங்கேயே கழிவெண்ணெய் டிரம்மில் கவிழ்த்துவிட்டு, காலிப் புட்டியைக் கொண்டுவந்து நீட்டுவான். வம்பு வேண்டாம் என்று செய்தது, வினையாகப் போயிற்று. வண்டி பூனை மாதிரி ஓட ஓட, மாமனார் கடைக்கு வருகிறவர்களை இழுத்துவந்து பானெட்டில் காது வைக்கச் சொன்னார். மாப்பிள்ளை பக்கத்தில் நின்று தலையாட்டுவான்.

ஒருநாள் மூத்த அக்காள் புருஷன் தன் வாடகைக் காரோடு வந்து நின்றார். அவர் வீட்டில் அடுப்பெரிவது அந்த ஒரு வண்டியால். இஞ்சின் கடகடவென்று அடித்துக்கொண்டது. பிரித்துப் பார்க்கவேண்டும் என்றானாம் மெக்கானிக்.

"பிரிக்கிறதாவது. ரெண்டு புட்டி ஊத்துங்க. சந்தேகமிருந்தா மாப்பிள்ளையையே கேளுங்களேன்" என்றார் மாமனார்.

மாப்பிள்ளை இந்தத் தடவை தலையாட்டவில்லை. சொல்லியே விட்டான்.

"வேணாம் அத்தான். நான் இத ஊத்துறதே இல்ல. சிந்தெடிக் ஆயில்தான் மாத்துறேன். உங்க வண்டிக்கு அதுவும் பத்தாது, பிரிச்சுத்தான் பாக்கணும்."

மாமனார் வயிறு குலுங்கச் சிரித்தார். "காலிப் புட்டிய என் கையில கொடுத்தவரு பேசற பேச்சப் பாருங்க."

அத்தான் சிரிக்கவில்லை. "உன் வண்டி ஓடணும், என் வண்டி மூலையில கெடக்கணும். அப்படித்தானே?"

"அக்கா மேல சத்தியமா, அத்தான்..."

"அவள எதுக்கு இழுக்கற? மச்சானாச்சேன்னு நம்பி வந்தேன் பாரு."

மாமனார் மூடியைத் திருகிப் புட்டியை அவன் கையிலேயே திணித்தார். "நீங்களே ஊத்துங்க மாப்பிள்ளை. ராசிக்காரக் கை."

மாடிப்படியில் மனைவி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஊற்றினான். பாகு மாதிரி மெதுவாக இறங்கியது. இரண்டாவதும் இறங்கியது. அத்தான் சாவியைத் திருப்பினார். கடகடப்பு அமுங்கித்தான் போயிற்று. கெட்டியான மருந்து சத்தத்தை மூடுமே தவிர, தேய்ந்த இரும்பை வளர்க்காது என்று அங்கே அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

"இதப் போய் எங்கிட்ட மறைச்சியே" என்றார் அத்தான், கோபமெல்லாம் போய்.

"தூரத்துச் சவாரி மட்டும் எடுக்காதீங்க அத்தான்."

"நாளைக்கே மலைக்கு ஒண்ணு இருக்கு. வேணாம்னு சொல்லலாம்னு இருந்தேன். இனிமே என்ன, போயிட்டு வந்துடறேன்."

"அப்ப வழிக்கு இன்னொரு புட்டி எடுத்துக் குடுங்க மாப்பிள்ளை" என்றார் மாமனார்.

மாப்பிள்ளை கடைக்குள் போனான்.