சாலிட்டேர் எழுதியவர்

தென்னூரில் ஒரு மருத்துவமனை. உள்ளே இரண்டு ஆபரேஷன்கள் நடந்துகொண்டிருந்தன. ஒன்று என் மனைவிக்கு, இன்னொன்று பக்கத்து நாற்காலிக்காரரின் மகளுக்கு.

அவர் ஸ்ரீரங்கத்துக்காரர். நரைத்த தாடி, மடியில் லேப்டாப், திரையில் ஒருவர் மட்டும் ஆடும் சீட்டாட்டம். சீட்டை நகர்த்தும் முன் ஒவ்வொரு முறையும் விரலை வேட்டியில் துடைத்துக்கொள்வார். இதுபோல முப்பது சாலிட்டேர் ஆட்டங்களைத் தானே கம்ப்யூட்டர் புரோகிராமாக எழுதித் தொகுத்திருப்பதாகச் சொன்னார்.

இந்த ஆட்டத்தை அவர் ஜெயித்தால் என் மனைவி பிழைப்பாள் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டேன். பாதியில் ஆட்டம் நகராமல் நின்றது. திரையைப் பார்த்தபடியே நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "இதை வச்சு ஏதாவது நெனச்சுக்கிட்டீங்களா?"

தலையாட்டினேன்.

"வேண்டாங்க. சில ஆட்டத்தை யாராலயும் ஜெயிக்க முடியாது. கலைக்கும்போதே அப்படி விழுந்துடும். எழுதுன நானே சொல்றேன், இதுக்கும் உள்ள நடக்குறதுக்கும் சம்பந்தமே இல்ல."

அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் வந்து, என் மனைவி கண் விழித்துவிட்டதாகச் சொன்னார். "போயிட்டு வரேங்க" என்று தாடிக்காரரிடம் திரும்பினேன். அவர் காதில் விழவில்லை. மூடிய கதவை ஒருமுறை பார்த்தார். விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, புது ஆட்டத்தைக் கலைத்துப் போட்டார். உதடுகள் மகளின் பெயரை முணுமுணுத்துக்கொண்டிருந்தன.