ரெண்டு தரமும் ஒரே பதில்

ஆராய்ச்சி ஒண்டுக்கு, வயித்து வருத்தங்களைப் பற்றின வினாக்கொத்து. மலாய் மொழியில ஏற்கெனவே இருக்காம். தமிழாக்கினது நான். ரெண்டு கிழமை விட்டு, அதே ஆக்களிட்டை அதே கேள்விகளைத் திரும்பவும் கேட்கவேணும். பதில்கள் ஒத்துவந்தால் மொழிபெயர்ப்பு நம்பகமாம்.

இண்டைக்கு வோபர்ன் பகுதியில ஒரு அன்ரி வீட்டுக்கு ரெண்டாந்தரம் போனன்.

"கிழமையில எத்தினை நாள் வயிறு நோகுது அன்ரி?"

"போனமுறை என்ன பிள்ளை சொன்னனான்?"

"அது நான் சொல்லக்கூடாது. இப்ப எப்பிடியெண்டு சொல்லுங்கோ."

கண்ணை மூடி யோசிச்சிட்டு, "ஒரு நாள்" எண்டா. அதுக்கும் மிச்சக் கேள்வி எல்லாத்துக்கும் போனமுறைப் பதில்தான். ஒரு பிசகும் இல்லை.

பேப்பரைப் பையில வைச்சிட்டு நான் சப்பாத்துப் போடேக்க, அன்ரி வயித்தைப் பொத்திக்கொண்டு சொல்லுறா: "இப்ப ஒவ்வொரு நாளும் நோகுது பிள்ளை. சாப்பிடவே பயமாக்கிடக்கு."

"அப்ப ஏன் ஒரு நாள் எண்டனீங்கள்?"

"மாத்திச் சொன்னால் பொய்யெண்டுவினம். அகதி விசாரணையில என்ர தம்பியை உதுக்குத்தானே திருப்பி அனுப்பினவை."

"டொக்டரிட்டையாவது சொல்லுங்கோ அன்ரி."

"அவரிட்டையும் ஒரு நாளெண்டுதான் முதல் சொல்லிவைச்சனான்."

காருக்குள்ள இருந்து சூப்பர்வைசருக்குக் கோல் அடிச்சுச் சொன்னன். பேட்டி முடிஞ்சபிறகு சொன்னதைச் சேர்க்க ஏலாதாம். மற்றபடி மனுசனுக்குச் சரியான சந்தோசம். இவ்வளவு ஒத்துப்போன பதிலை இதுவரை ஒருத்தரும் தரேல்லையாம்.

ஆக, என்ர மொழிபெயர்ப்பு நல்ல நம்பகம். வாழ்த்த வாறவை முதல் ஒண்டைச் சொல்லுங்கோ: உங்கட அம்மா டொக்டரிட்டைச் சொல்லுறது இப்ப இருக்கிற நோவையோ, இல்லாட்டி முதல்முறை சொன்ன நோவையோ?