கிடைத்த இடம் தெரியவில்லை

ஜனவரியில் டெல்லியில் ஒரு ஆயத்த ஆடைக் கண்காட்சி. மூன்று நாள் ஸ்டாலில் நின்று, டி-ஷர்ட் சாம்பிள்களை விரித்துக் காட்டி, சிரித்துச் சிரித்துத் தாடை வலித்துப் போய் ஸ்டேஷனுக்கு வந்தால் - பனிமூட்டம், ரயில் ஏழு மணி நேரம் லேட் என்றார்கள்.

கூட வந்தவர் சரஸ்வதி அக்கா. என் முதலாளி. பெருமாநல்லூர்ப் பக்கம் விவசாயம் பார்த்த குடும்பம். இப்போது அவரும் கணவர் குமாரசாமி அண்ணனும் சேர்ந்து பனியன் கம்பெனி நடத்துகிறார்கள். நான் அங்கே மெர்ச்சண்டைசர். அதாவது, துணி வாங்குகிற வெளிநாட்டு பையருக்கும் தையல் ஹாலுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற வேலை.

"ஏனுங்க அம்மணி, இந்தக் குளிருல ஏழு மணி நேரம் எங்கீங்க உக்கார்றது?"

பழங்காலப் பொருட்கள் வைத்திருக்கிற பெரிய மியூசியம் ஒன்று இருப்பதாக ஆட்டோக்காரர் சொன்னார். உள்ளே குளிராது என்றும் சொன்னார். அந்த இரண்டாவது காரணத்துக்காகத்தான் போனோம். உண்மையைச் சொல்லுங்கள்... மியூசியம் பார்ப்பதற்காகவே மியூசியத்துக்குப் போனவர்கள் நம்மில் எத்தனை பேர்? ஸ்கூல் டூர், மழை, ரயில் லேட். இதைத் தாண்டி ஒரு காரணம் இருக்கிறதா?

கல் சிலைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தோம். ஒரு சிலையின் இடுப்பில் மடிப்பு மடிப்பாக ஆடை. அக்கா குனிந்து பார்த்து, "ரொம்ப லேசான துணிதானுங்க கட்டியிருக்குது" என்றார். தொழில் புத்தி. நானும் மடிப்பை எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

அடுத்து ஒரு சின்ன அறை. கண்ணாடிப் பெட்டிக்குள் வாய் அகன்ற பெரிய பானை, பாதி உடைந்தது. உள்ளே நாலைந்து எலும்புத் துண்டுகள், கறுப்புக் கிண்ணம், கொஞ்சம் சிவப்பு மணிகள். ஒவ்வொரு மணியிலும் மெல்லிசாக வெள்ளைக் கோடு.

நான் அரை நிமிஷம் பார்த்துவிட்டு நகர்ந்தேன். திரும்பினால் அக்கா அங்கேயே நிற்கிறார்.

"அம்மணி, இதுல என்ன எழுதியிருக்குதுன்னு படிங்க."

படித்தேன். தென்னிந்தியா. ஈமத்தாழி. சூதுபவள மணிகள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை. கிடைத்த இடம் தெரியவில்லை.

"ஈமத்தாழின்னா?"

"செத்தவங்கள உள்ள வச்சிப் புதைக்கிற பானைக்கா."

அக்கா கண்ணாடியில் இருந்து கையை எடுத்தார். "இந்த மணி எங்கூட்டுல இருக்குதுங்க" என்றார். "நிவேதா கழுத்துல."

நிவேதா அவருடைய மகள். ஆறாம் வகுப்பு.

அறை மூலையில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துதான் முழுக்கதையும் சொன்னார். கம்பெனியின் புது ஷெட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது ஜேசிபியில் ஒரு பானை மாட்டி உடைந்திருக்கிறது. அப்புறம் இன்னும் இரண்டு. உள்ளே எலும்பு. டிரைவர் பயந்துபோய் இறங்கிவிட்டார்.

"கவருமெண்டுக்குத் தெரிஞ்சா வேலைய நிறுத்திப்போடுவாங்கன்னு, எல்லாத்தையும் மண்ணோட மண்ணா அள்ளி பாழுங்கெணத்துல கொட்டச் சொல்லிட்டாருங்க அவரு. கொட்டறப்போ மண்ணுல செவப்பா மின்னுச்சு. பாத்தா ஒம்பது மணி கெடந்துது. கழுவி, நூல்ல கோத்து, புள்ளைக்குப் போட்டுவுட்டேன்."

அக்கா மறுபடியும் அந்தக் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார்.

"எலும்பையும் பாத்தேன், மணியையும் பாத்தேனுங்க. ரெண்டையும் சேத்தி நினைக்கவே இல்ல."

பிறகு கேட்டார். "ஏனுங்க, எடம் தெரியலைன்னு எதுக்கு எழுதியிருக்காங்க?"

"யாராவது எடுத்திட்டு, எங்க எடுத்தோம்னு சொல்லாம விட்டிருப்பாங்கக்கா." யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

"எங்களாட்ட" என்றார்.

மறுபடி ஸ்டேஷனுக்குப் போய் ரயில் ஏறினோம். நாக்பூரில் அக்கா ஆரஞ்சு வாங்கி உரித்துக்கொண்டே, "அதப் போட்டிருந்தது பொம்பளையா இருக்குமுங்களா?" என்றார். தெரியாது என்றேன். "சின்னப் புள்ளையா இருந்தா?" என்றார். 

ஊருக்கு வந்த மறுநாள், சாம்பிள் ரூமில் அண்ணனுக்கும் அக்காவுக்கும் வாக்குவாதம். நான் அங்கேயே ஒரு டி-ஷர்ட்டை அளந்துகொண்டிருந்தேன். வெளியே போவதா, இருப்பதா என்று தெரியவில்லை. இருந்தேன்.

"ஏம்புள்ள, பாதி தூணு நிறுத்தியாச்சு. இப்பப் போயி நாமளே வாயத் தொறக்கறதா?"

"மீதிப் பாதி இன்னும் தோண்டலீங்க. அங்கயும் இருந்தா?"

"இருந்தா இருக்கட்டும். செத்து ரெண்டாயிரம் வருசமாச்சு."

"உங்கய்யன் செத்துப் பன்னெண்டு வருசமாச்சுங்க. அவரு சமாதி மேல மெசினு போடுவீங்களா?"

அண்ணன் எழுந்து போய்விட்டார். மூன்று நாள் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நாலாம் நாள் அண்ணன் என் மேஜைக்கு வந்து, கம்ப்யூட்டரைப் பார்ப்பதுபோல் நின்றுகொண்டு கேட்டார் - "அந்தத் தொல்லியல் ஆபீசுக்கு லெட்டர் இங்கிலீசுல எழுதோணுமா, தமிழ்ல எழுதுனாப் போதுங்களா?"

தமிழிலேயே எழுதினோம்.

மணிகளை நிவேதா கழுத்திலிருந்து கழற்றிய அன்று அவள் கேட்டாளாம். "இதப் போட்டிருந்த அக்கா திருப்பிக் கேட்டாங்களா?"

"அவங்களால கேக்க முடியாதல்ல கண்ணு. அதனால நாமளே குடுத்தர்லாம்."

அதிகாரிகள் வந்தார்கள். கட்டிட வேலை இரண்டு மாதம் நின்றது. புது ஷெட்டை நம்பி எடுத்த அந்த சீசன் ஆர்டரை வெளியே நாலு தையல் யூனிட்டுகளுக்குப் பிரித்துக் கொடுத்துத் தைத்து வாங்கினோம். அண்ணன் தினமும் என்னிடம்தான் புலம்பினார். டெல்லிக்கு அக்காவை நான்தான் கூட்டிப்போனதாக அவருக்கு ஒரு நினைப்பு.

தோண்டாத பாதியில் மூன்று தாழிகள் உடையாமல் கிடைத்தன. இன்னும் சில இருக்கலாம், இந்த மூலையை இனிமேல் கிளறாமல் விடுங்கள் என்றார்கள். முதலில் உடைந்தவை எங்கே என்று ஒரு அதிகாரி கேட்டார். மேஸ்திரி, டிரைவர், வேடிக்கை பார்க்க வந்த பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் என்று அத்தனை பேரும் நிற்கிறார்கள். தெரியாது என்று அண்ணன் சொல்லியிருக்கலாம். யார் காட்டிக்கொடுக்கப் போகிறார்கள்?

பாழுங்கிணற்றுக்கு அவரே கூட்டிப் போனார். "இங்கதானுங்க கொட்டுனோம். தப்புத்தானுங்க" என்றார். இரைச்சலான தையல் ஹாலில் கடைசி மெஷின்வரை கேட்கிற குரல் அவருடையது. அன்றைக்குப் பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு டி-ஷர்ட்டில் தையல் விட்டிருந்தால், எந்த லைன், எந்த மெஷின், எந்த டெய்லர் என்று பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவோம். கழுத்து லேபிளில் எங்கே தயாரானது என்று எழுதாமல் ஒரு பீஸ் வெளியே போகாது. அவ்வளவு கணக்காக இருக்கிற நாங்கள், காலுக்குக் கீழே இருப்பதை மட்டும் இடம் தெரியாமல் செய்துவிடத் தயாராக இருந்தோம். 'நாங்கள்' என்றுதான் எழுத வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு எங்கள் கம்பெனியே இரண்டு முறை ஷெட்டை நீட்டிக் கட்டியிருக்கிறது. என்ன தோண்டினீர்கள் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

இதை எழுதட்டுமா என்று அக்காவிடம் கேட்டேன். எழுதுங்க, கெணத்தையும் சேத்தி எழுதுங்க என்றார்.

புது ஷெட் இப்போது ஓடுகிறது. நேராகப் போகிற சுவர் அந்த மூலைக்கு முன்னால் ஒடிந்து திரும்பிவிடும். போன வாரம் வந்த வெளிநாட்டு பையர் அதைப் பார்த்துவிட்டு, அவ்வளவு இடத்தை ஏன் வீணாக விட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார். வாஸ்து என்று சொல்லித் தப்பிக்கலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அக்கா முந்திக்கொண்டார்.

"அங்க ஆளுங்க குடியிருக்காங்கன்னு சொல்லுங்க அம்மணி."