மோரில் கரைத்த மாத்திரை

சேகர் எந்த மருந்தையும் எடுத்துக்கொள்ளவில்லை. கொடுத்தவள் நான். அவனுக்குத் தெரியாமல் மோரில் கரைத்துக் கொடுத்தேன்.

பிறகு, விசாரணையில் கேட்டபோது வாய் கூசாமல் பொய் சொன்னேன். மாத்திரை கொடுத்தது அறியாமை என்று வையுங்கள். பொய்? அதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்? சொல்லுங்கள்... எனக்கும் தெரிய வேண்டும்!

சேகர் என் கொழுந்தன். கபடி ஆட்டக்காரன். பெரிய போட்டிக்கான ஏலத்தில் அவனை ஒரு அணி லட்சங்களில் எடுத்தபோது, வல்லக்கோட்டைக்குப் போகும் சாலையில் அவன் படம் போட்ட பேனர் நின்றது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். தொடையைத் தட்டிக்கொண்டு நிற்பான். இப்போது அந்த பேனர் பக்கத்து வீட்டில் விறகின் மேல் கிடக்கிறது, மழைக்கு மூடி. தொடை மட்டும் வெளியே தெரிகிறது. தினமும் அதைத் தாண்டித்தான் நான் கம்பெனி பஸ் ஏறப் போகிறேன்.

நான் எட்டாவதோடு நின்றவள். ஒரகடத்தில் காருக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் வேலை. ஷிப்ட் முழுக்க நின்றே செய்ய வேண்டும். நின்று நின்று கால் வீங்கிவிடும், செருப்பு நுழையாது. டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார். உடம்பில் தேங்கிய நீரை இறக்கிவிடும். எங்கள் லைனில் என்னைப்போல இன்னும் சில பேர் அதைச் சாப்பிடுகிறார்கள். 'நீர் மாத்திரை' என்போம். வேலை நேரத்தில் மட்டும் போட முடியாது. போட்டால் பாத்ரூமுக்கு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், லைன் லீடர் விடமாட்டான். "இன்னாக்கா, டேங்க் லீக்கா?" என்று எல்லோர் எதிரிலும் கேட்பான். அதனால் வீட்டுக்கு வந்துதான் போடுவோம்.

வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. கால் வீங்குகிறது என்று தெரிந்தால் என் புருஷன் மோகன் வேலையை விட்டு நிற்கச் சொல்லிவிடுவார் என்று பயம். எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். கேஸை மூடினேனா, கதவைப் பூட்டினேனா, பஸ் போய்விடுமா, சேகருக்கு அடிபட்டுவிடுமா... இப்படியே பொழுது போகும். மாத்திரை அட்டையை டிபன் பைக்குள் துணியில் சுற்றி வைத்திருந்தேன்.

அந்த ஆடியில் கூழ் ஊற்றும் திருவிழாவுக்காக சேகர் அணியின் பயிற்சி கேம்பிலிருந்து லீவு போட்டு வந்தான். வந்தவன் சும்மா இருப்பானா? கூழும் கருவாட்டுக் குழம்புமாக வளைத்து வளைத்துச் சாப்பிட்டான். சுங்குவார்சத்திரத்தில் டேவிட் மாஸ்டரின் ஜிம் இருந்தது. சின்ன வயதிலிருந்து அவனைத் தயார் செய்தவர் அவர். அங்கே போய் எடை பார்த்துவிட்டு முகம் தொங்கி வந்தான்.

"அண்ணி, உங்க கருவாட்டுக் கொழம்பு என் மேல ஒரு ஆட்டுக்குட்டிய ஏத்தி வுட்டுடுச்சு!"

"அய்யோ... இன்னா ஆவும் இப்போ?"

"இன்னா ஆவும், நாளைக்கு சாயங்காலம் எடை பாப்பாங்க. ஜாஸ்தி இருந்தா ஆட முடியாது. நான் பட்டினி கெடந்து, சொட்டர் போட்டுக்கினு ஓடி எறக்கிடுவேன். நீங்க ஏன் மொகத்த இப்டி வெக்கிறீங்க?"

ஓடியே இறக்கியிருப்பான்! அதற்கு முன்னும் இறக்கியிருக்கிறான். எனக்குத்தான் பொறுக்கவில்லை. அணிக்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டால்? கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தைக் கிழித்துவிட்டால்? என் குழம்பால்தானே என்று ஊர் பேசினால்? காலையில் அவன் கிளம்பும்போது இரண்டு மாத்திரையை நுணுக்கி மோரில் கரைத்து, நீரைத் தேக்கும் என்று உப்புப் போடாமல், கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு நீட்டினேன். ஒரே மூச்சில் குடித்தான்.

சாயங்காலம் போன் செய்தான். சிரித்துக்கொண்டே பேசினான். "அண்ணி, வழியெல்லாம் வண்டிய நிறுத்தி நிறுத்தி டிரைவரு கடுப்பாயிட்டாரு. எடை கரெக்டா வந்துச்சு. மோருக்கு இவ்ளோ பவரா!" நானும் சிரித்தேன். கேட்டீர்களா... சிரித்தேன்!

ஆட்டம் முடிந்ததும் அவனிடம் சிறுநீர் வாங்கிச் சோதித்திருக்கிறார்கள். சில வாரம் கழித்துச் செய்தி வந்தது. தடைசெய்யப்பட்ட மருந்து. கால் வீக்கத்துக்கு நான் சாப்பிடுகிற அதே மாத்திரைதான்! வேறு ஊசிகள் போட்டதை மறைப்பதற்காக ஆட்டக்காரர்கள் அதைச் சாப்பிடுவார்களாம். அதனால் சேகரும் எதையோ மறைத்திருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். மறைத்தவள் நான், அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன்.

டீக்கடையில் நீங்கள் பேசினீர்களே, "அதான் பார்த்தேன், ஒடம்பு அப்டி ஏறும்போதே தெரியும்" என்று... எல்லாம் என் காதில் விழுந்தது. என்னத்தைத் தெரியும் உங்களுக்கு? அவன் உடம்பு பயிற்சியில் ஏறியது. வேர்க்கடலையிலும் முட்டையிலும் ஏறியது. நான் ஆக்கிப் போட்டு ஏறியது!

சேகருக்கு ஒன்றுமே புரியவில்லை. மாஸ்டரின் ஜிம்மில் வாங்கிய பவுடரில்தான் ஏதோ கலந்திருக்க வேண்டும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். மோகன் ஊர்ப் பையன்களைக் கூட்டிக்கொண்டு ஜிம்முக்குக் கிளம்பினார். தடுக்கிறேன் என்று நானும் பின்னால் போனேன். தடுத்தேனா? கண்ணாடியை உடைத்தார்கள். பவுடர் டப்பாக்களைக் கீழே ரோட்டில் கொட்டினார்கள். லாரி டயரெல்லாம் வெள்ளையாகிப் போயிற்று.

டேவிட் மாஸ்டர் யாரையும் திருப்பி அடிக்கவில்லை. "டேய் மோகனு, என் புள்ள மாதிரிடா அவன். நான் குடுப்பனாடா?" என்று மட்டும் கேட்டார். பிறகு படியோரம் நின்ற என்னைப் பார்த்தார். "நீயாவது சொல்லும்மா."

நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு குனிந்துகொண்டேன்.

அந்த ஜிம் இப்போது இல்லை. மாஸ்டர் ஏதோ ஒரு குடோனில் வாட்ச்மேனாக இருக்கிறார் என்று கேள்வி. எந்தக் குடோன் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் போய்ப் பார்க்க வேண்டியிருக்குமே!

விசாரணை எங்கள் வீட்டிலேயே, செல்போன் வீடியோவில் நடந்தது. சொம்பில் சாய்த்து வைத்த போனுக்கு முன்னால் சேகர், பக்கத்தில் வக்கீல். மருந்து எப்படி உடம்புக்குள் வந்தது என்று காட்டினால் தண்டனை வெகுவாகக் குறையும், மன்னித்தும் விடலாம் என்று வக்கீல் முன்பே சொல்லியிருந்தார். போனில் விசாரணை நடத்திய அம்மா இங்கிலீஷில் ஏதோ கேட்டார். வக்கீல் தமிழில் சொன்னார். சேகர் என் பக்கம் திரும்பினான்.

"அண்ணி, நம்ம வூட்ல யார்னா மாத்திர சாப்புட்றாங்களா?"

அவ்வளவுதான் கேள்வி. பதில் டிபன் பைக்குள் இருந்தது. அவன் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று காட்டும் பதில்.

"இல்லப்பா. யாரும் சாப்புட்றதில்ல."

ஏன் சொன்னேன்? எத்தனையோ முறை என்னையே கேட்டுவிட்டேன். எங்கள் ஊரில் ஒரு பெண் சாப்பாட்டில் எதையாவது கலந்தாள் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மருந்து வைத்துவிட்டாள்! புருஷனை மயக்கவோ, பங்காளியை ஒழிக்கவோ. அப்படிப் பேர் வாங்கிய ஒருத்தி எங்கள் தெருவிலேயே இருந்தாள். அவள் கையால் ஒருவர் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை, கடைசிவரை. கொழுந்தனுக்கு அண்ணிக்காரி மருந்து வைத்தாள், அவன் சம்பாத்தியம் பொறுக்காமல்... என் காதுக்குள் அந்தப் பேச்சு அப்போதே கேட்டது. என் கையால் சாப்பிட மாட்டார்களே என்று பயந்தேன். என் கைச் சோற்றைக் காப்பாற்றிக்கொள்ள அவன் வாழ்க்கையைக் கொடுத்துவிட்டேன்!

தடை விதித்தார்கள். அணி கைகழுவியது. தடைக்காலத்தில் எந்த அணியோடும் சேர்ந்து பயிற்சிகூடச் செய்யக் கூடாதாம். சேகர் இப்போது ஒரகடத்தில் ஒரு டிப்போவில் லோடு ஏற்றுகிறான். ரெய்டு போய் நாலு பேரை இழுத்துக்கொண்டு கோட்டைத் தொட்ட கால், பெட்டி சுமந்து லாரி ஏறுகிறது.

அந்த டிப்போவில் ஒரு கொரியா மேனேஜர். சாப்பாட்டு வேளையில் போனில் பேஸ்பால் பார்ப்பாராம். மட்டையால் பந்தை அடித்துவிட்டு ஓடுவார்களே, அந்த ஆட்டம். இந்த வாரம் சேகர் வந்து எனக்கும் ஒரு வீடியோவைக் காட்டினான். அமெரிக்காவில் ஒரு ஆட்டக்காரன். மருந்து போட்டு மாட்டியவன். தெரிந்தே போட்டவன். தடை முடியும்வரை உட்கார்ந்திருந்தான், எழுந்து வந்தான், புது ஒப்பந்தம். நூறு நூறு கோடியாகச் சொல்கிறார்கள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டுகிறது.

இதென்ன நியாயம்? திட்டம் போட்டு ஊசி குத்திக்கொண்டவனுக்குக் காத்திருக்க வசதி இருக்கிறது, பேச வக்கீல் கூட்டம் இருக்கிறது, திரும்பி வந்தால் கோடி இருக்கிறது. மோர் குடித்தவனுக்கு மூட்டை! அவனவன் பணத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு தண்டனையை லீவு மாதிரி கழிக்கிறான். இவனுக்கு ஒரு வருஷம் போனால் கால் வேகம் போய்விடும். அப்புறம் எந்த ஏலத்தில் கூப்பிடுவார்கள்? அந்த போனைப் பிடுங்கி உடைத்துவிடலாம் போலிருந்தது.

சேகருக்குக் கோபம் வரவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. சிரித்தான்.

"பாத்தீங்களா அண்ணி? போட்டவன் நல்லாத்தான் கீறான். போடாத நான் இன்னாத்த கிழிச்சேன்?"

"அப்டிலாம் பேசாத சேகரு."

"பேரு கெட்டது கெட்டுப் போச்சு. போட்டேன்னுதான சொல்றாங்க? போட்டே காட்றேன். தடை முடியறதுக்குள்ள ஒடம்பு ஏறி, மருந்து ஒடம்புலேர்ந்து எறங்கிடும், டெஸ்ட்ல தெரியாதுன்னு சொல்றான் ஒருத்தன்."

பேண்ட் பாக்கெட்டிலிருந்து ஒரு சின்ன அட்டைப் பெட்டியை எடுத்து என் கையில் வைத்தான். குட்டிக் குட்டிக் கண்ணாடிக் குப்பிகள்.

"ஃப்ரிட்ஜுல வைங்க. அண்ணனுக்குத் தெரிய வேணாம். இடுப்புல போடணும், எனக்குக் கை எட்டாது. ஞாயித்துக்கெழம நீங்கதான் போட்டு வுடணும்."

"நானா?"

"பின்ன? உங்கள வுட்டா நான் வேற யார நம்புவேன்?"

அந்த வார்த்தை! டேவிட் மாஸ்டர் உடைந்த கண்ணாடிக்கு நடுவில் நின்று கேட்டதைவிட, போனில் அந்த அம்மா கேட்டதைவிட, அதுதான் என்னை அறுக்கிறது.

என்னிடம் ஒரே ஒரு வாக்கியம் இருக்கிறது. 'மோரில் கலந்தது நான்தான்.' அதைச் சொன்னால் அவன் அந்தப் பெட்டியைத் தூக்கி எறிவான், எனக்கு நன்றாகத் தெரியும். தன் மேல் கறை இல்லை என்று தெரிந்தால் கறை பூசிக்கொள்ள மாட்டான். மாஸ்டர் காலில் போய் விழுவான். அப்புறம் என் முகத்தில் விழிக்க மாட்டான்.

இவ்வளவு தெரிந்தும் அந்தப் பெட்டியை வாங்கி, ஃப்ரிட்ஜில் இட்லி மாவுக்குப் பின்னால் வைத்தேன். குளிர் போதுமா என்று தொட்டுக்கூடப் பார்த்தேன்! என்ன ஜென்மம் நான்?

உங்களிடம் சொல்லிவிட்டேன். முகம் தெரியாத உங்களிடம் இத்தனை சுலபமாக வருகிறது. நீங்கள் என்னைத் திட்டுங்கள், காறித் துப்புங்கள், தாங்கிக்கொள்வேன். நீங்கள் என் கையால் சாப்பிடப் போவதில்லையே...

இன்று சனிக்கிழமை. வாசலில் அவன் வண்டி வந்து நின்றுவிட்டது. ஸ்டாண்ட் போடுகிறான். பூட்ஸைக் கழற்றுகிறான். மோகன் இன்னும் வரவில்லை, வீட்டில் வேறு யாரும் இல்லை, இதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைக்காது.

உள்ளே வந்து என்னைப் பார்த்தான். "இன்னா அண்ணி, ஒரு மாதிரி கீறீங்க?"

வாயைத் திறந்தேன்.

"கையக் கழுவிக்கினு வாப்பா. சோறு போட்றேன்."