பாலை மரத்துப் பொந்து

ஆவுடையார்கோவில் பஸ் ஸ்டாண்டில் நின்றபோதுதான் என் கூட்டாளி அடைக்கலம் செத்துப்போன செய்தி வந்தது. நான் ஊருக்குள் நுழைவதற்குள் ஃபிளெக்ஸ் கட்டிவிட்டார்கள். எனக்கு எழுத்துத் தெரியாது. டீக்கடைக்காரர் வாசித்துச் சொன்னார்: "மரங்களின் தோழர்." கட்டியது கோயில் கமிட்டியாம்.

மண்டபம் கட்டுகிறோம் என்று அய்யனார் கோயில் காட்டை அழித்ததே இந்தக் கமிட்டிதான். குறுக்கே நின்ற அடைக்கலத்தைக் கிறுக்கன் என்று சொன்ன அதே வாய்கள்தான் இன்று தோழர் என்கின்றன. அவனோடு பழகிய ஊர்க்காரர்களே, உங்களுக்கு இது தெரியும். தெரிந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நாங்கள் ஒருவரையொருவர் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். இளவட்டத்தில் அவன் உடும்பு பிடித்து வனத்துறையிடம் சிக்கி, ஜெயிலுக்குப் போய் வந்தவன். அதை மறைத்ததே இல்லை. காடு சாய்ந்த அன்று அடிமரங்களுக்கு நடுவே உட்கார்ந்து சொன்னான்:

"அப்ப உடும்பை அடிச்சுத் தின்னோம் மாப்ளே. மரத்துல ஒரு குச்சி ஒடிக்கப் பயந்தோம், சாமி கேக்கும்னு. இப்ப உடும்பைத் தொடப் பயப்படுறாங்க, மரத்தை வேரோட சாய்க்கிறாங்க. ரெண்டும்தான் அழியுது. கேஸு ஒண்ணுக்குத்தான்."

ஒரே ஒரு பாலை மரம் தப்பி நின்றது. சமையல்கட்டு கட்ட அதற்கும் மிஷினைக் கொண்டுவந்தார்கள். அடைக்கலம் மரத்தில் சாய்ந்துகொண்டு டிரைவரிடம் பேசினான்.

"தம்பி, பொந்துல உடும்பு கெடக்கு. மரம் சாஞ்சு அது செத்தா ஒனக்குத்தான் ஜெயிலு. அங்க சோறு எப்படி இருக்கும்னு எங்கிட்டக் கேளு."

டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டார்.

"அவன் பொய் சொல்றான்யா" என்றார் கமிட்டித் தலைவர்.

"கையை விட்டுப் பாருங்க தலைவரே."

ஒருத்தர் கையும் நீளவில்லை. மிஷின் வந்த வழியே போனது.

பிறகு நானே கேட்டேன், நிஜமாகவே உள்ளே இருக்கிறதா என்று. "ஏன், நீயும் கையை விடப் போறியா?" என்று சிரித்தான். கடைசிவரை சொல்லவில்லை.

துக்க வீட்டுக்குத் தலைவர் பெரிய மாலையோடு வந்தார். உடம்பை இன்னும் எடுக்கவில்லை. மாலையைப் போட்ட கையோடு என் பக்கத்தில் உட்கார்ந்து காதைக் கடித்தார்.

"அய்யா, அந்தப் பொந்துல நெசமாவே உடும்பு இருக்குதுங்களா?"

அவனைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோகும் வரைகூடப் பொறுக்கவில்லை இவர்களுக்கு.

அடைக்கலத்திடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு பேச்சு. அதைத்தான் தலைவருக்குச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதித் தந்த இதைப் படிக்கிற கமிட்டிக்காரர்களுக்கும் சொல்கிறேன். பொந்தில் உடும்பு இருக்கிறது. சந்தேகம் இருந்தால் கையை விட்டுப் பாருங்கள்.