எக்ஸ்ரேக்கு முன்னால் வாங்கிய தேதி

ஆஸ்பத்திரி அலுவலகத்தில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்தச் சீட்டு எந்த மேஜையில் தூங்கும், அதை எப்படி எழுப்புவது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அந்த அறிவு செய்த காரியத்தைச் சொல்கிறேன்.

மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்திலிருந்து செங்கல்பட்டுக்கு வந்து எங்கள் வீட்டுக்கு மீன் கொடுப்பவர் கன்னியம்மா. போன வருடம் ஒன்பது வயது மகள் செல்வியை அழைத்து வந்தார். முதுகில் எலுமிச்சை அளவு கட்டி.

"எக்ஸ்ரே எடுக்க மூணு வாரம் ஆவுமாம் சார். பொண்ணு வலில துடிக்கிது."

"படமெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்மா. ஆபரேஷனுக்கே தேதி வாங்கித் தரேன்."

வாங்கினேன். சாதாரணக் கொழுப்புக் கட்டி என்று நினைத்து நான்காம் நாளே அறுத்தார்கள்.

இரண்டு மாதத்தில் கட்டி இரு மடங்காகத் திரும்பி வந்தது. இம்முறை எக்ஸ்ரே எடுத்தார்கள். கழுத்திலிருந்து தோள் வரை சதைக்குள் எலும்பு கிளை விட்டிருந்தது. டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டுக் குழந்தையின் காலைப் பார்த்தார்.

"கால் கட்டைவிரல் பிறவியிலேயே குட்டையா?"

"ஆமா டாக்டரு, பொறந்தப்பவே அப்டித்தான்."

சதை எலும்பாகும் அபூர்வ நோயாம். மருந்தில்லை. கத்தி பட்டால் இன்னும் வேகமாக வளருமாம். முதலிலேயே படம் எடுத்திருந்தால் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

செல்வியால் இப்போது கையைத் தூக்கித் தலை வார முடியாது.

இன்னும் என்னிடம் சிபாரிசுக்கு வருகிறார்கள். வரிசையில் நிற்கச் சொல்லி அனுப்பிவிடுகிறேன். கன்னியம்மாவிடம் என் தவற்றைச் சொன்னேன்.

"வுடு சார். நீ இல்லாங்காட்டி எங்கள யாரு உள்ள வுட்டிருப்பா?" என்றார். அன்றும் எனக்கென்று ஒதுக்கி வைத்திருந்த நல்ல மீனைத்தான் கொடுத்தார்.