எட்டாம் வகுப்பில் ஐந்தாம் வகுப்புக் கணக்கு

எங்கள் கம்பெனித் தலைவரை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. தஞ்சாவூரைச் சுற்றிப் பள்ளிக்கூடங்கள் நடத்தும் கம்பெனி அது. பூதலூர் கிளையில் கணக்கு டீச்சராக இருந்த என்னை, ஆசிரியர்கள் சார்பில் ஒரு ஆள் இருக்கட்டும் என்று போர்டில் இயக்குநராகப் போட்டிருந்தார்கள்.

சிங்கப்பூரிலிருந்து திரும்பிய கையோடு தலைவர் ஏஐ பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தார். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு டேப்லெட். அவரவர் சொல்லும் பதிலைப் பார்த்து அடுத்த பாடத்தை மெஷினே முடிவு செய்யும். டீச்சர் கை வைக்க முடியாது. அதைத்தான் அவர் பெருமையாகச் சொன்னார்.

ஐப்பசி மழையில் பூதலூர்ப் பக்கம் பல நாள் நெட் இல்லை. போய்ச் சேராத பதில்களையெல்லாம் மெஷின் தப்பு என்று எடுத்துக்கொண்டது. மழை விட்டுப் பார்த்தால், எட்டாம் வகுப்பில் நன்றாகக் கணக்குப் போடும் பெண்ணுக்கு ஐந்தாம் வகுப்புப் பின்னம் வந்து நிற்கிறது. "நான் மக்காயிட்டேனா டீச்சர்?" என்று கேட்டாள்.

அடுத்த போர்டு கூட்டத்தில் இதைச் சொன்னேன்.

"மெஷின் பொய் சொல்லாது டீச்சர். அந்தப் பொண்ணோட லெவல் அவ்வளவுதான்," என்றார் தலைவர்.

"நெட் இல்லாததுக்கு அந்தப் பொண்ணு என்னங்க பண்ணும்? ஒருநாள் வகுப்புல வந்து உக்காந்து பாருங்க."

"வகுப்புல உக்கார்றது உங்க வேலை. முடிவெடுக்கிறது எங்க வேலை."

"அப்ப என்னை எதுக்கு இந்த நாற்காலியில உக்கார வச்சீங்க?"

அவர் வாசல் பக்கம் திரும்பி, "டீச்சருக்கு ஒரு டீ குடுங்கப்பா," என்றார். மற்ற இயக்குநர்கள் சிரித்தார்கள். திட்டம் தொடரட்டும் என்று கை தூக்கினார்கள். நான் தூக்கவில்லை. டீயைத் தொடாமல் எழுந்து வந்தேன்.

மறுநாள் டேப்லெட்டுகளை பீரோவில் பூட்டிவிட்டுக் கரும்பலகையில் பாடம் நடத்தினேன். விளக்கம் கேட்டு மெமோ வந்தது. போர்டிலேயே சொல்லிவிட்டேன் என்று பதில் அனுப்பினேன்.

அதற்குள் அந்தப் பெண்ணின் அப்பா டி.சி. வாங்க வந்துவிட்டார். நடவு வயலிலிருந்து நேராக வந்திருந்தார். "எம்பொண்ண அஞ்சாங்கிளாஸ்னு சொல்ற பள்ளிக்கூடம் எங்களுக்கு வேணாங்க." நான் அவரைத் தடுக்கவில்லை. அவரைத் தொடர்ந்து இன்னும் சில பெற்றோர் வந்தார்கள்.

பிள்ளைகள் குறைந்த பிறகுதான் தலைவர் இறங்கினார். பொங்கல் கழித்து நடந்த கூட்டத்தில், பாடத்தை டீச்சரே மாற்றலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தார். தனக்கே தோன்றிய யோசனை போல விளக்கினார். எல்லாரும் கை தட்டினார்கள். நான் தீர்மானத்துக்குக் கை தூக்கினேன், தட்டவில்லை.

வெளியே வரும்போது, "இப்ப சந்தோஷமா டீச்சர்?" என்றார்.

"போன பொண்ணு வரலையே சார்."

அவள் அரசுப் பள்ளியில் நன்றாகப் படிக்கிறாள். நானும் அவரும் கூட்டத்துக்கு வெளியே இன்றுவரை பேசிக்கொள்வதில்லை.